இளம் ஊழியர்கள் பேப்பர் போடுவதற்கு முன்னால்

கேள்வியின் சாரம் இது: 40 பேர் வேலை பார்க்கும் ஒரு பிரிவு. போன ஆண்டு 22 முதல் 27 வயதுக்குள் 12 பேரைப் புதிதாக எடுத்தார்கள். 5 பேர் ஆண்டு முடிவதற்குள் பேப்பர் போட்டுவிட்டார்கள். மீதி 7 பேர் சொன்ன வேலையைச் செய்கிறார்கள். அதற்கு மேல் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவதில்லை. சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தாயிற்று, வெள்ளிக்கிழமை மாலைக் கொண்டாட்டமும் வைத்துப் பார்த்தாயிற்று. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் பிடிப்பே இல்லை, என்னதான் செய்வது?"

"இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்ற பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். ஒருவர் இப்போதிருக்கும் வேலையில் சேர்ந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பதை அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறது. 25–34 வயதினருக்கு அதன் இடைநிலை அளவு (பாதிப் பேர் இதற்குக் கீழ், பாதிப் பேர் இதற்கு மேல்) 1983-இல் 3.0 ஆண்டு, 2022-இல் 2.8 ஆண்டு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் ஏற்பட்ட குறைவு இரண்டரை மாதம்கூட இல்லை. அதே 2022-இல் 55–64 வயதினருக்கு 9.8 ஆண்டு. இளம் வயதில் வேலை மாறுவது எப்போதும் உள்ளதுதான்; இன்று குறைப்படும் மேலாளர்களின் தலைமுறையும் அந்த வயதில் அப்படித்தான் மாறியது. 2012-இல் டேவிட் கோஸ்டான்ஸா குழுவினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் வேலைத் திருப்தி, நிறுவனப் பற்று, விலகும் எண்ணம் ஆகியவற்றில் தலைமுறைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தென்படவில்லை.

வித்தியாசம் வயதில் இருக்கிறது. வேலைக்கு வந்த முதல் நாலைந்து ஆண்டுகளில்தான் ஒருவர் மிக வேகமாகக் கற்கிறார்; அந்த வேகம் நின்றுபோனதை உடனே உணர்வதும் அப்போதுதான். வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளி என்ற கட்டுகள் இன்னும் விழவில்லை. கிளம்ப ஒரு பை போதும். ஆகவே அந்த 7 பேரும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே இன்னும் ஆறு மாதம் இருந்தால், இன்று செய்யத் தெரியாத எதைச் செய்யத் தெரிந்திருக்கும்? இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியவர் எச்.ஆர். அல்ல, நேரடி டீம் லீடர். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர் செய்ய வேண்டியது.

யார், எப்போது, யாரிடமிருந்து போனார்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். கடந்த 3 ஆண்டுகளில் விலகிய இளம் ஊழியர்கள் அனைவரின் பெயரையும் எழுதி, பக்கத்தில் இரண்டு விவரம் மட்டும் சேருங்கள்: சேர்ந்து எத்தனை மாதத்தில் போனார், யாரிடம் வேலை பார்த்தார்.

மூன்று மாதத்துக்குள் போனவர்கள் அதிகமென்றால் கோளாறு ஆள் எடுப்பதில் இருக்கிறது. நேர்காணலில் சொன்ன வேலை ஒன்று, கையில் கிடைத்தது வேறு. மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால், வேலை பிரித்துக் கொடுக்கும் முறையையும் டீம் லீடரையும் பாருங்கள். ஓராண்டு தாண்டிப் போகிறார்கள் என்றால் வளர்ச்சியும் சம்பளமும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாவது நோய்க்குரிய மருந்தை முதல் நோய்க்குக் கொடுத்துவிட்டு "சம்பளம் கூட்டியும் போகிறார்களே" என்று அங்கலாய்ப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

ஒரே டீம் லீடரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை மறைக்காதீர்கள். குழுக்களுக்கு இடையே ஈடுபாட்டில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் குறைந்தது 70% மேலாளரைப் பொறுத்தது என்று கருத்துக் கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 2015-இல் கணக்கிட்டுச் சொன்னது. அந்த எண் துல்லியமா என்று வாதாடலாம். எந்தத் திசையில் கை காட்டுகிறது என்பதில் வாதமில்லை.

போகிறவரிடம் கடைசி நாளில் எடுக்கும் நேர்காணலை அதிகம் நம்ப வேண்டாம். ரிலீவிங் லெட்டர் கைக்கு வராதவர் உண்மை பேசமாட்டார். "நல்ல வாய்ப்பு கிடைத்தது" என்றுதான் எழுதிக் கொடுப்பார். போய் மூன்று நான்கு மாதம் கழித்து, அவருடைய மேலாளர் அல்லாத ஒருவர் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: "வேறு வேலை தேட ஆரம்பிச்சது எந்த வாரம்? அந்த வாரம் என்ன நடந்தது?" ஏன் போனீர்கள் என்று கேட்டால் நியாயம் சொல்வார்கள். எப்போது தேட ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால்தான் நடந்ததைச் சொல்வார்கள்.

எடுக்கும்போதே நிஜத்தைக் காட்டுவது

வேலையின் கசப்பையும் முன்கூட்டியே காட்டி ஆள் எடுக்கும் முறையை 1970-களிலேயே ஜான் வானஸ் ஆராய்ந்து எழுதிவிட்டார். செலவில்லாத வேலை இது. இப்போது அந்தப் பணியில் இருப்பவர் கடந்த இரண்டு வாரம் உண்மையில் என்னென்ன செய்தார் என்று மணிக்கணக்கோடு எழுதி வாங்குங்கள். "பகுப்பாய்வு" என்று விளம்பரம் கொடுத்த வேலையில் 60 மணி நேரம் தரவு ஒட்டுவதற்குப் போயிருந்தால், விளம்பரத்தைத் திருத்துங்கள். அல்லது வேலையைத் திருத்துங்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தவரை அரை நாள் அந்த இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சிலர் அதோடு வரமாட்டார்கள். அவர்கள் மூன்றாம் மாதம் போயிருக்க வேண்டியவர்கள்.

தேவைக்கு மேல் படித்தவரை எடுத்துவிட்டு அவருக்குச் சலிக்கிறது என்று புகார் சொல்வதும் இதே கணக்குதான்.

முதல் நாள், முதல் வாரம், 90 நாள்

முதல் நாள் காலை வந்தவருக்கு இருக்கை இல்லை, லேப்டாப் இல்லை, லாகின் மூன்றாம் நாள்தான் வரும் என்றால், "உன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை" என்பதை எழுத்தில் கொடுத்த மாதிரி. இதையெல்லாம் சேரும் நாளுக்கு 3 வேலை நாள் முன்பே டீம் லீடர் தன் கையால் சரிபார்க்க வேண்டும். கூகுளில் புது ஆள் வருவதற்கு முந்தைய நாள் மேலாளருக்கு ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போகும்படி செய்தார்கள். அதில் ஐந்தே விஷயம்: பொறுப்பு என்ன என்று பேசுங்கள், கூட ஒரு துணை ஆளைப் போடுங்கள், நாலு பேரை அறிமுகப்படுத்துங்கள், முதல் ஆறு மாதம் மாதமொருமுறை உட்கார்ந்து பேசுங்கள், மனம்விட்டுப் பேச இடம் கொடுங்கள். அதைப் பின்பற்றிய மேலாளர்களிடம் இருந்த புதியவர்கள் முழு வேகத்துக்கு வரும் காலம் சுமார் 25% குறைந்தது. பெரிய பயிற்சித் திட்டம் எதுவும் இல்லை, வெறும் நினைவூட்டல்.

முதல் வாரத்தின் இலக்கு ஒன்றே ஒன்று: ஐந்தாம் நாள் மாலைக்குள் அவர் கையால் ஒரு சின்ன வேலை முடிந்து, யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஒரு பிழைத் திருத்தம், ஒரு வாடிக்கையாளருக்குப் போன பதில், ஒரு பக்கக் குறிப்பு, எதுவானாலும் சரி. ஐந்து நாளும் வீடியோ பாடம் பார்த்தவர் வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் சொல்ல ஒன்றுமில்லாமல் போவார்.

துணை ஆள் விஷயத்தில் வழக்கமாக இரண்டு தவறு நடக்கும். பதினைந்து வருட அனுபவசாலியைப் போடுவது ஒன்று, அவரிடம் "பிரின்டர் எங்கே இருக்கு?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. ஒன்றிலிருந்து மூன்றாண்டு அனுபவமுள்ளவர் போதும். இன்னொன்று, அவருடைய சொந்த வேலையைக் குறைக்காமல் இந்தப் பொறுப்பைத் தலையில் கட்டுவது. முதல் மாதம் வாரத்துக்கு 4 மணி, அடுத்த இரண்டு மாதம் 2 மணி என்று அவர் கணக்கிலிருந்து எழுத்துப்பூர்வமாகக் கழித்துக் கொடுங்கள். கழிக்காவிட்டால் பேருக்குத்தான் துணை ஆள்.

விப்ரோவின் ஒரு பிரிவில் ஃபிரான்செஸ்கா ஜீனோவும் கூட்டாளிகளும் செய்து 2013-இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில் பயன்படும். புதியவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான அறிமுகம். இன்னொன்றுக்கு நிறுவனத்தின் பெருமையைச் சொல்லி, அதன் பெயர் போட்ட சட்டை. மூன்றாவது பகுதியினரிடம் "நீங்கள் எதில் கெட்டிக்காரர், அதை இங்கே எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்" என்று யோசிக்கவும் பேசவும் வைத்து, அவரவர் பெயர் போட்ட சட்டை. அடுத்த மாதங்களில் விலகியவர்கள் மூன்றாவது பகுதியில்தான் குறைவு. வாடிக்கையாளர் திருப்தியும் வழக்கமான அறிமுகம் பெற்றவர்களைவிட அங்கே மேல். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் செய்த மாற்றம் அது. உங்கள் அறிமுக நாளில் நிறுவன வரலாற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தால், அதில் ஒன்றைப் பிடுங்கி இதற்குக் கொடுங்கள்.

வேலையைக் கொடுக்கும் விதம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பலர் தொடாமலே விடுவதும் இதைத்தான். 1970-களில் ரிச்சர்ட் ஹேக்மனும் கிரெக் ஓல்டாமும் ஒரு வேலையை உள்ளிருந்து பிடிக்கவைப்பவை ஐந்து என்றார்கள்: பல திறமைகளைப் பயன்படுத்த இடமிருப்பது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழுப் பொருள் தன் கையால் உருவாவது, அது யாருக்கோ பயன்படுவது, எப்படிச் செய்வதென்று தானே தீர்மானிப்பது, நன்றாக வந்ததா என்று வேலையிலிருந்தே தெரிவது. இளையவர்களுக்கு நாம் கொடுக்கும் வேலையில் பெரும்பாலும் இந்த ஐந்துமே இருக்காது. பெரிய வேலையின் நடுத்துண்டை வெட்டிக் கொடுக்கிறோம். அவருக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

ஒரே வேலையை இரண்டு விதமாகக் கொடுப்பதைப் பாருங்கள்.

"இந்த ஷீட்ல 400 வரி இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள செக் பண்ணி அனுப்பிடுங்க."

"போன மாசம் 31 பில் தப்பாப் போய் வாடிக்கையாளர்கிட்டேருந்து திரும்பி வந்துச்சு. தப்பு எங்கே உருவாகுதுன்னு கண்டுபிடிக்கணும். இந்த 400 வரியில ஆரம்பிங்க. எப்படிப் பார்க்கலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. புதன்கிழமை மதியம் பத்து நிமிஷம் உக்காந்து என்ன தெரிஞ்சுதுன்னு பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமை பில்லிங் குழு மீட்டிங்ல நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருப்பேன்."

வரிகள் அதே 400. இரண்டாவது விதத்தில் ஏன் என்பது இருக்கிறது, முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பது இருக்கிறது, வழி அவருடையது, நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கிறது, பலனை அவர் பெயரிலேயே அவர் சொல்கிறார். கூடுதலாகச் செலவானது டீம் லீடரின் மூன்று நிமிடம். அந்த நடுநிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள். "சுதந்திரம் கொடுத்தேன், சொதப்பிவிட்டான்" என்ற புகார்களில் பாதி, புதன்கிழமை பார்க்காமல் வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்ததால் வருபவை.

சலிப்பான வேலை எங்கும் உண்டு. அதை ஒழிக்க முடியாது. அளவைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் நேரக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலை நாலில் மூன்று பங்குக்கு மேல் போனால், வாரத்தில் ஒரு நாள் அளவுக்கு ஒரு முழு வேலையை, தலையிலிருந்து வால் வரை, அவர் கையில் கொடுங்கள். அந்த ஒரு நாளைப் பிடுங்க யார் வந்தாலும் டீம் லீடர் தடுக்க வேண்டும். மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதுவது, ரிப்போர்ட் திரட்டுவது, விடுமுறை நாள் ஷிப்ட் எல்லாம் இயல்பாகவே கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் வந்து விழும். அதை முறைப்பட்டியல் போட்டுச் சீனியர்களையும் சேர்த்துச் சுற்றவிடுங்கள். சீனியர் மினிட்ஸ் எழுதும் ஒரு திங்கட்கிழமை, நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பத்து விழுமிய வாசகங்களைவிட அதிகம் பேசும்.

செய்த வேலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் வையுங்கள். பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை திரட்டும் அழைப்பு மையம் ஒன்றில் ஆடம் கிராண்ட் செய்து 2007-இல் வெளியான சோதனை இது: ஊழியர்கள் அந்தப் பணத்தில் படித்த ஒரு மாணவரை ஐந்து நிமிடம் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142% கூடியிருந்தது, திரட்டிய பணம் 171%. உங்கள் இடத்தில் அதே எண்கள் வரும் என்று எண்ண வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் வாடிக்கையாளர் பக்கம் போய் உட்காருவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வாடிக்கையாளரை இயக்குநர் கூட்டிவந்து அறிமுகப்படுத்தி உரையாற்றினால் மட்டும் இது கெட்டுப்போகும்.

இரண்டு வாரத்துக்கு 30 நிமிடம்

ஒன் ஆன் ஒன் எனப்படும் தனிச் சந்திப்பு எல்லா நிறுவனத்திலும் காலண்டரில் இருக்கிறது. நடப்பது சில இடங்களில்தான். புதியவருக்கு முதல் மூன்று மாதம் வாரம் 25 நிமிடம், பிறகு இரண்டு வாரத்துக்கு 30 நிமிடம். 7 பேருக்கு இரண்டு வாரத்தில் மூன்றரை மணி நேரம். "நேரமில்லை" என்பவருக்கு எதிர்க்கணக்கு காட்டுங்கள். ஒருவர் போனால் இடம் 6 வாரம் காலி. புதியவர் முழு வேகத்துக்கு வர 16 வாரம், அதுவரை சராசரியாகப் பாதி வேகம் என்றால் இழப்பு 8 வாரம். கற்றுக்கொடுக்கும் சீனியருக்கு வாரம் 5 மணி வீதம் 80 மணி, அதாவது 2 வாரம். மொத்தம் 16 வார உழைப்பு. 5 பேர் போனதில் 80 வாரம் போயிற்று, ஒன்றரை ஆளின் ஓராண்டு உழைப்பு. உங்கள் இடத்து எண்களைப் போட்டுப் பாருங்கள், கூடக்குறைய வரும்.

இந்தச் சந்திப்பு வேலை நிலவரம் கேட்பதற்கல்ல. அதற்குத் தினசரிக் கூட்டம் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் அவர் கொண்டுவந்த விஷயம். அதன்பின் டீம் லீடர் கேட்க நாலு கேள்வி:

"இந்த ரெண்டு வாரத்துல எங்க மாட்டிக்கிட்டு நின்னீங்க?"
"எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியல?"
"நான் செய்யுறதுல எது உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கு?"
"அடுத்ததா எதைக் கத்துக்கணும்னு நினைக்கிறீங்க?"

மூன்றாவது கேள்விக்கு முதல் நாலைந்து தடவை "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். விட்டுவிடாமல் கேளுங்கள். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "நீங்க ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போடுறீங்க, அவசரமா இல்லையான்னு தெரியல" என்பார். அன்றைக்கு டீம் லீடர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். "சரி, இனிமே அவசரம்னா ஃபோன் பண்றேன், மெசேஜ் காலையில போற மாதிரி வச்சிடுறேன்" என்று சொல்லி, சொன்னபடி நடந்தால் அடுத்த முறை இன்னும் பெரிய உண்மை வெளிவரும். "இப்ப பதில் வேண்டாம்" என்று சேர்த்து இரவில் அனுப்பும் பழக்கமும் பயனற்றது. படித்தவருக்குத் தூக்கம் போனது போனதுதான்.

பேசியதை மூன்று வரியில் எழுதிவைத்து அடுத்த சந்திப்பை அதிலிருந்து தொடங்குங்கள். ரத்துசெய்ய நேர்ந்தால் அதே வாரத்தில் வேறு நாள். தொடர்ந்து இரண்டு முறை ரத்தானால், தனக்குக் கடைசி இடம்தான் என்று அவர் புரிந்துகொள்வார், சரியாகவே புரிந்துகொள்வார்.

குறை சொல்லும்போது

அவ்ரகாம் குளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் 1996-இல் ஃபீட்பேக் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிக் கணக்கிட்டார்கள். சராசரியில் பலன் இருந்தது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் ஃபீட்பேக் கொடுத்த பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது இப்படி ஆகிறது என்பது அவர்கள் விளக்கம். "நீங்க கொஞ்சம் கவனக்குறைவு" என்பது ஆளைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு அவர் நாளைக்கு எதையும் மாற்ற முடியாது. "நேத்து அனுப்பின ரிப்போர்ட்ல மூணாவது அட்டவணையோட கூட்டுத்தொகை முதல் பக்கத்தோட ஒத்துப்போகல. அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துடுங்க" என்பதை மாற்ற முடியும்.

48 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள். பிப்ரவரியில் செய்த தவறை டிசம்பர் அப்ரைசலில் கேட்பது அநியாயம். பாராட்டுக்கும் இதே விதி: "சூப்பர்" என்பது காற்றோடு போகும். எந்த இடம், ஏன் நன்றாக இருந்தது என்று சொன்னால்தான் அவர் அதைத் திரும்பச் செய்வார்.

ஆறு மாதத்துக்கு ஒரு படி

ஓராண்டு தாண்டியவர் கிளம்புவதற்குப் பெரிய காரணம் கற்றல் நின்றுபோவது. இதற்குப் பயிற்சி வகுப்பு தீர்வல்ல. கற்றதை இரண்டு மூன்று வாரத்துக்குள் வேலையில் பயன்படுத்தாவிட்டால் சான்றிதழ்தான் மிச்சம். அந்தப் பொறுப்புக்குரிய 12 முதல் 15 வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு நிலை: கூட இருந்து பார்க்கிறார், செய்கிறார் ஆனால் ஒருவர் சரிபார்க்கிறார், தனியாகச் செய்கிறார், பிறருக்குக் கற்றுக்கொடுக்கிறார். இன்று எதில் எந்த நிலை என்று அவரும் டீம் லீடரும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் கட்டங்கள்தான் பேச வேண்டியவை. அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு அல்லது மூன்று வேலைகள் ஒரு நிலை மேலேற வேண்டும். எந்த வேலையைக் கொடுத்து ஏற்றுவது, யார் பார்த்துச் சரி என்பார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இது பிழைபோகும் இடங்களும் தெரிந்தவை. பதினைந்து வேலையையும் ஒரே அரையாண்டில் ஏற்ற முயல்வது. நிலை ஏறினாலும் கையில் வரும் வேலை மாறாமல் இருப்பது. பொறுப்பை மாற்றாமல் "சீனியர்" என்று பட்டம் மட்டும் கொடுப்பது. அந்தப் பட்டம் அடுத்த நிறுவனத்துக்கான பயோடேட்டாவில்தான் பயன்படும். நன்றாக வேலை செய்பவரை அதே இடத்தில் ஆணியடித்து வைப்பது இன்னும் மோசம். "அவர் இல்லாம இந்த வேலை நடக்காது" என்று டீம் லீடர் பெருமையாகச் சொன்னால், அந்த ஊழியர் வெளியே நேர்காணலுக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். 18 மாதம் ஆனவர் வேறு குழுவுக்கு மாற டீம் லீடரின் அனுமதி தேவையில்லை என்று விதி போட்டுவிடுங்கள். சொந்தக் குழுவிலிருந்து ஓர் ஆள் போவது வலிக்கும்தான். நிறுவனத்தைவிட்டே போவதற்கு இது மேல்.

சம்பளம்

சம்பளம் சரியாக இருப்பதால் யாரும் வேலையில் ஒன்றிவிடுவதில்லை; சரியாக இல்லாவிட்டால் வேறெதுவும் எடுபடாது. 1959-லேயே உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் இதைச் சொல்லிவிட்டார். இளையவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் பிரச்சினை ஒப்பீடுதான். 100-இல் சேர்ந்தவருக்கு ஆண்டுக்கு 8% இன்க்ரிமென்ட் கொடுத்தால் இரண்டாண்டில் 116.6. அதே இரண்டாண்டு அனுபவத்தோடு வெளியிலிருந்து வருபவரைச் சந்தை நிலவரப்படி 135-க்கு எடுக்கிறீர்கள். பழையவர் புதியவருக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டே கிட்டத்தட்ட 14% குறைவாக வாங்குகிறார். இது ஒரு நாள் டீ இடைவேளையில் தெரிந்தே தீரும். சம்பளத்தை ரகசியமாக வைக்கச் சொல்வதால் தெரியும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கடைசியாக எடுத்த மூவரின் சம்பளத்தோடு உள்ளே இருப்பவர்களை ஒப்பிடுங்கள். 10%-க்கு மேல் பின்தங்கியவரை அவர் கேட்பதற்கு முன் சரிசெய்யுங்கள். கேட்டபின் கொடுத்தால் செலவு அதே, நன்றி மட்டும் கிடைக்காது.

வீண் செலவுகள்

பிடிப்பு என்பதை ஜான் மேயரும் நட்டாலி ஆலனும் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்திருப்பதால் இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது, போவது முறையல்ல என்று இருப்பது. ஒப்பந்த பாண்ட், நீண்ட நோட்டீஸ் பீரியட், சான்றிதழைப் பிடித்துவைப்பது எல்லாம் இரண்டாவது வகையைத்தான் உண்டாக்கும். உடம்பு இருக்கும், மனசு இருக்காது. உங்கள் 7 பேரும் இந்த நிலையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். விளையாட்டு மேசையும் வெள்ளிக்கிழமைக் கொண்டாட்டமும் கெடுதல் இல்லை. வேலை பிடித்தவருக்கு அது இனிப்பு, பிடிக்காதவருக்கு அதுவும் ஒரு டியூட்டி. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சை அறவே விடுங்கள். ஆட்குறைப்பு வந்த அன்று அது திரும்பி வந்து அடிக்கும்.

கருத்துக் கணிப்பு எடுப்பதானால் பத்துக் கேள்விக்குள் எடுங்கள். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள், யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 30 நாளுக்குள் ஒன்றையாவது மாற்றி, இதனால் மாற்றினோம் என்று சொல்ல முடியாவிட்டால் கேட்காமல் இருப்பதே மேல்.

உலுக்கும் சம்பவங்கள்

தாமஸ் லீயும் டெரன்ஸ் மிட்செலும் 1994-இல் முன்வைத்த ஒரு கருத்து நடைமுறைக்கு மிக உதவும். பலர் அதிருப்தி சிறுகச் சிறுகச் சேர்ந்து போவதில்லை. ஏதோ ஒரு சம்பவம் உலுக்கிவிடுகிறது, அன்றைக்குத்தான் "நான் ஏன் இங்கே இருக்கிறேன்" என்று யோசிக்கிறார்கள். நெருங்கிய சக ஊழியர் பேப்பர் போட்டது, ப்ரொமோஷன் பட்டியலில் பெயர் இல்லாதது, டீம் லீடர் மாறியது, ஆறு மாதம் உழைத்த ப்ராஜெக்ட் நிறுத்தப்பட்டது, வெளியிலிருந்து கேட்காமலே வந்த அழைப்பு. இவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அப்படி ஒன்று நடந்தால் 48 மணி நேரத்துக்குள் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் தனித்தனியாக உட்காருங்கள். ப்ரொமோஷன் கிடைக்காதவரிடம் பட்டியல் வெளியாவதற்கு முன்பே சொல்லுங்கள். எது குறைந்தது, அதை எந்த வேலையால் எப்போதைக்குள் ஈடுகட்டலாம் என்று மேலே சொன்ன தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். 5 பேர் போன பிறகு மீதி 7 பேரிடமும் யாராவது இப்படி உட்கார்ந்தார்களா? இல்லையென்றால் இந்த வாரம் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அந்த 7 பேரில் ஒருவர் வேறு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரோடு வந்தால், சம்பளத்தைக் கூட்டி நிறுத்தப் பார்க்கும் கவுன்டர் ஆஃபரை அவசரப்பட்டு நீட்ட வேண்டாம். முதலில், தேட ஆரம்பித்த வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். காரணம் சம்பளம் மட்டும்தான், அதுவும் உங்கள் தவறால் பின்தங்கியது என்றால் சரிசெய்து நிறுத்தலாம். அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதே மாதம் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் லெட்டர் கொண்டுவந்தால்தான் சம்பளம் கூடும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்த மாதிரி ஆகும். காரணம் வேலையோ டீம் லீடரோ என்றால், பணம் கொடுத்து நிறுத்தியவர் மறுபடி அதே லெட்டரைத் தேடுவார். போக விடுங்கள். நோட்டீஸ் காலத்தில் அவரை ஒதுக்காமல், ஒப்படைக்க வேண்டியதைப் பட்டியலிட்டு வாங்கிக்கொண்டு, கணக்கு முடித்து ரிலீவிங் லெட்டரைக் கடைசி நாளன்றே கையில் கொடுங்கள். மீதி 6 பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.